தண்ணி அம்புட்டுத்தான்

அப்பு,

நேற்று மாலை நிலவரப்படி, உன் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ‘இவ்வாண்டின் ஆய்வு வெளியீடுகள்’ என்ற பக்கத்தில் முதலாவதாக நிற்பது உன்னுடைய திருத்தக் குறிப்பு. இது நீ சொல்லித் தெரிந்துகொண்டதில்லை. பக்கத்தை நானே திறந்து பார்த்தேன். பார்த்தது போதாதென்று ஆய்வு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மாளிடம், முதலில் போட்டிருக்கிறீர்களே, அது தேதி வரிசைப்படி வந்ததா, வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டேன். வேண்டுமென்றே வைத்ததுதான், ஆய்வாளரே எழுதிக் கேட்டிருந்தார் என்றார். நீங்கள் யார் பேசுகிறீர்கள் என்று அவர் கேட்டதும் பழக்கதோஷத்தில் ‘நிருபர்’ என்று வாயில் வந்துவிட்டது. ஓய்வு பெற்றவள் என்பதையும் ஆய்வாளரின் அம்மா என்பதையும் பிறகுதான் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உங்கள் மகனும் இப்படித்தான் எதையும் இரண்டு தடவை கேட்பார் என்றார். அதையும் உறுதி செய்யப்பட்ட தகவலாகவே எடுத்துக்கொண்டேன்.

இதை உனக்குத் தனியாக எழுதாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் தண்ணீர் வரைபடம் வெளிவந்தபோது, நான் வேலை பார்த்த பத்திரிகை உன் புகைப்படத்தோடு அதை மாவட்டப் பக்கத்தின் தலையில் போட்டது. அந்தப் படத்தில் பிழை இருக்கிறது என்று நீ எழுதிக் கொடுத்தபோது, இடமில்லை, வேண்டுமானால் இரண்டு வரி போடலாம் என்றார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் அந்த மேசையில் உட்கார்ந்தவள்தான் நானும். திருத்தம் என்றால் வரி விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவில் எறும்பு எழுத்தில் வருவதுதான் வழக்கம். ஆனால் ‘படம் எம்புட்டுப் பெருசா வந்துச்சோ, தப்பும் அம்புட்டுப் பெருசா வரணும்மா’ என்று நீ சொன்னாய். உன் பல்கலைக்கழகம் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. திண்டுக்கல் பக்கத்துக்கு என்னால் கொடுக்க முடிந்த இடம் இந்தக் கடிதம்.

முதலில், உன்னைப் பற்றி ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்த ஒரு விஷயத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். ‘உங்க பையன் இன்னுமா படிக்கிறான்?’ என்று கேட்காத ஆள் கிடையாது. அவன் இருப்பது பட்டப்படிப்பு சொல்லித்தரும் கல்லூரி அல்ல, அங்கே போகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள், புத்தகத்தில் இருப்பதைப் படிக்க அல்ல, புத்தகத்தில் இல்லாததைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நான் சொல்வேன். உன் அப்பா அவ்வளவு சிரமப்பட மாட்டார். தன் மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டே, ‘எம்மகன் தண்ணி டாக்டருக்குப் படிக்கிறான்’ என்பார். ‘தண்ணிக்கு ஊசியும் போடுவாராண்ணே?’ என்று ஒருவர் கேட்டதற்கு, ‘ஊசியத்தான் போர்வெல் வண்டிக்காரன் போடுறானே, இவன் நாடி மட்டும் பாப்பான்’ என்றார். அன்றிலிருந்து நானும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நான் சொன்ன விளக்கத்தைவிட அது சரியாக இருந்தது.

உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்டுத் தொகுப்பை நீ கொண்டுவந்து கொடுத்தபோது, உன் பக்கத்தை மட்டும் நான் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, செய்தித்தாள் படிப்பது போலவே படித்தேன். மல்லிகை மொட்டு செடியில் இருக்கும்போது ஒரு வாசம், கூடைக்கு வந்த பிறகு வேறு வாசம் என்பதை ரசாயனத் துறையில் ஒரு பெண் கண்ணாடிக் குழாயில் பிடித்து அளந்திருக்கிறாள். பொருளாதாரத் துறைப் பையன் ஒருவன் காய்கறி மண்டிகளிலேயே குடியிருந்து, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது யாருக்கு லாபம் என்று ஆராய்ந்திருக்கிறான். வரலாற்றுத் துறையில் ஒருவர் பழைய ரயில் நிலையங்களில் காத்திருப்பு அறைகளை யாருக்காகக் கட்டினார்கள், யார் உள்ளே போக முடிந்தது என்று எழுதியிருக்கிறார். கணிதத் துறையின் ஆய்வேடு எல்லாவற்றிலும் ஒல்லியாக இருந்தது. அதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் ‘ஆகவே’. அந்தப் பையன் அந்த ‘ஆகவே’யை எழுதுவதற்குள் என்ன பாடு பட்டிருப்பான் என்று மட்டும் தெரிந்தது.

இத்தனை துறைகளிலும் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு ஆய்வின் கடைசியிலும், தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இது என்று ஒரு பத்தி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விபத்துச் செய்தியை அழகாக முடித்துக் கொடுத்தபோது, என் ஆசிரியர் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, ‘இன்னும் என்ன தெரியலையோ அதப் போட்டு முடிம்மா’ என்றார். அந்த வரியை எழுதத்தான் அதிகம் விசாரிக்க வேண்டியிருந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் அதை எழுதுகிறார்கள் என்று பார்த்தபோது, நீ சரியான இடத்தில்தான் இருக்கிறாய் என்று நிம்மதியாக இருந்தது.

உன் வேலை இந்தத் தொகுப்பிலேயே கொஞ்சம் வித்தியாசமானது. மூன்று துறைகள் சேர்ந்து செய்தது. நிலத்தடி நீரைப் படிக்கிறவன் நீ. கன்னிவாடி, சித்தையன்கோட்டை, வத்தலக்குண்டு பக்கத்துக் காடுகளில், அதாவது விவசாய நிலங்களில், யார் யார் எத்தனை அடி போர் போட்டார்கள், எங்கே தண்ணீர் வந்தது, எங்கே வெறும் புழுதி வந்தது என்பது எந்த அலுவலகத்திலும் முழுதாக இல்லை. அது போர் போட்டவர்கள் வாயில்தான் இருக்கிறது. அவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்வது, பேச்சை எழுத்தாக்கி எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மொழியியல் துறை குறித்துக் கொடுப்பது, குவிந்து கிடக்கும் பேச்சை அந்தக் குறிப்பின்படி கணினித் துறையின் நிரல் பிரிப்பது, கடைசியில் நீ அதை வரைபடமாக்குவது. இதுதான் திட்டம். தண்ணீர் கிடைத்த இடம் நீலம், கிடைக்காத இடம் வெளிர் மஞ்சள். மண்ணின் கதையை மனிதர் வாயிலிருந்து எடுத்து வரைபடமாக்கலாம் என்று முதலில் நினைத்தவன் நீதான் என்று உன் வழிகாட்டிப் பேராசிரியரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த வரியை உன் அப்பா மனப்பாடமாகச் சொல்வார்.

இந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். ‘நம்ம வீட்லருந்துதான்’ என்றாய். நம் வீட்டில் யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘யார் சொன்னா?’ என்பது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து நாளைக்கு லீவு என்பாய். யார் சொன்னா? பசங்க. பசங்களுக்கு யார் சொன்னா? நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்ப ஓடி வாத்தியாரைக் கேட்டுவிட்டு வருவாய். உன் அப்பா வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்வார், ‘இந்த வீட்ல கொழம்புல உப்பில்லன்னு சொன்னாக்கூட ரெண்டு சாட்சி வேணும்ப்பா. அதுக்குள்ள கொழம்பு ஆறிப்போகும்.’ அப்போது அது வேடிக்கையாக இருந்தது. ஒரு பிள்ளையை இப்படிக் கேள்வி கேட்டு வளர்த்தோமே என்று சில சமயம் எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. இப்போது இல்லை.

படம் வந்தது. ஓர் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது, தொகுப்பின் அட்டையிலேயே போட்டார்கள். எங்கள் கண்ணுக்கு அது வரைபடமாகத் தெரியவில்லை, பண்டிகைக்கு நீலம் கலந்து வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தது. அவ்வளவு நீலம். உன் அப்பா அதைப் பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டினார். காயில் கட்ட வருகிறவர்கள் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டுத் தங்கள் காட்டை அதில் தேடினார்கள். நீலத்தில் இருந்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகுதான், கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய உன் மாமா பேத்தியின் புதுநன்மை விருந்து வந்தது. நீயும் லீவில் வந்திருந்தாய். சித்தையன்கோட்டைக்கு அந்தப் பக்கம் மாமாவின் தோட்டத்திலேயே பந்தல் போட்டு பிரியாணி. பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்த மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

‘ஏலே மாப்ளே, ஒன் படத்துல என் காடு நீலமா இருக்காம்ல?’

‘ஆமா மாமா.’

‘அம்புட்டுத் தண்ணியையும் எங்கலே ஒளிச்சு வச்சிருக்க? விருந்துக்கு நான் லாரித் தண்ணி வாங்கி ஊத்திக்கிட்டு இருக்கேன். ஒரு கொடமாச்சும் எடுத்துக் குடு, கை கழுவணும்ல!’

பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு நீ சாப்பிடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். ஊருக்குப் போகும்போது, இடம் குறித்ததில் ஏதோ நகர்ந்திருக்கும் அம்மா, பார்க்கிறேன் என்றாய். போய்ப் பார்த்தாய். இடம் நகரவில்லை. மாமா காடு மாமா காட்டில்தான் இருந்தது. அங்கே தண்ணீர் இருப்பதாகச் சொன்னவரும் மாமாதான் என்று உங்கள் நிரல் சொன்னது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போன் செய்தாய். வழக்கம் போல முதல் கேள்வி, சாப்பிட்டியாம்மா, என்ன வச்ச என்பது.

‘சோறு, பருப்புக் கொழம்பு. வெஞ்சனம் ஒண்ணும் வைக்கல, ஒரு அப்பளத்தச் சுட்டேன். அம்புட்டுத்தான்.’

போனில் நீ நாற்காலியைத் தள்ளி எழுவது கேட்டது.

‘ஏலே, லைன்ல இருக்கியா?’

‘இப்ப என்னம்மா சொன்ன?’

‘அப்பளம்.’

‘அதுக்கப்பறம்?’

‘அம்புட்டுத்தான்னேன். ஏன்?’

போனை வைத்துவிட்டாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் அப்பா, ‘வெஞ்சனம் வைக்காம மனுசனுக்குச் சோறு போட்டா எம்மகனுக்குக் கோவம் வராதா?’ என்று தன் கட்சிக்கு உன்னையும் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் நீ திரும்பக் கூப்பிட்டு விளக்கியபோது, முப்பது வருடத்துக்கு மேல் தமிழில் எழுதிப் பிழைத்த எனக்கே தலை சுற்றியது. இதைப் படிக்கிறவர்களுக்காக ஒருமுறை எழுதுகிறேன். நம் பக்கத்தில் ‘அம்புட்டுச்சு’ என்றால் அகப்பட்டது, கிடைத்தது. ‘அம்புட்டுத்தான்’ என்றால் அவ்வளவுதான், இனி ஒன்றும் இல்லை. முதல் தவணைப் பதிவில் பேசிய பெரியவர் ஒருவர், ‘பாறைக்கு அங்கிட்டு தண்ணி அம்புட்டுச்சு’ என்று சொல்லியிருக்கிறார். மொழியியல் துறையின் கோகிலா, அம்புட்டு என்றால் கிடைத்தது என்று குறித்து, நீ இந்த ஊர்க்காரன் என்பதால் சரிதானா என்று உன்னிடம் கேட்டிருக்கிறாள். சரிதான் என்று நீ ஒப்புதல் கொடுத்திருக்கிறாய். கேட்ட இடத்தில் அது சரியாகவே இருந்தது. பிறகு கணினித் துறை நண்பன், பேச்சில் சொற்களின் வால் தேய்ந்துபோகும் என்று கேள்விப்பட்டு, வாலை வெட்டிவிட்டு அடிச்சொல்லை மட்டும் பார்க்கும்படி நிரலை எழுதிவிட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ‘தண்ணி அம்புட்டுச்சு’ என்றவர் காடும் நீலம், ‘தண்ணி அம்புட்டுத்தான்’ என்று கையை விரித்தவர் காடும் நீலம். உன் மாமா கையை விரித்தவர்.

மூன்று பேரில் யாரும் சோம்பேறி இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, கடைசியாக ஒருமுறை குரலைக் கேட்டுப் பார்ப்பது அடுத்தவர் வேலை என்று நம்பியிருக்கிறீர்கள். பத்திரிகை அலுவலகத்திலும் இதேதான் நடக்கும். நிருபர் விசாரித்திருப்பார் என்று மேசை நினைக்கும், மேசை பார்த்துக்கொள்ளும் என்று நிருபர் நினைப்பார், காலையில் வாசகர் போன் செய்வார்.

அப்போது உன் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அந்தப் படம்தான் உன் ஆய்வேட்டின் நடு அத்தியாயம். உன் பேராசிரியர் கெட்டவர் அல்லர். பட்டம் கையில் வரட்டும், அடுத்த கட்டுரையில் அடிக்குறிப்பாகத் திருத்திவிடலாம், இது எங்கும் நடப்பதுதான் என்றார். நீ என்னைக் கேட்டாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ அதிகாரிகளிடம் மைக்கை நீட்டி, பிழை என்று தெரிந்த பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டவள் நான். உன்னிடம், ‘முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்ப்பா’ என்றேன். அம்மாவாகச் சொன்னேன். நீ கோபப்படவில்லை. ‘சரிம்மா. அதுக்குள்ள எவனாச்சும் அந்தப் படத்தப் பாத்துப் போர் போட்டுட்டா?’ என்று மட்டும் கேட்டாய். அதிகாரிகளிடம் நான் நீட்டிய கேள்விதான், என் பக்கமே திரும்பி வந்தது. உன் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, ‘நீ கெளம்பி வா, நேர்ல போய்ச் சொல்லுவோம்’ என்றார். மறுநாள் வாய்மொழித் தேர்வைத் தள்ளிவைக்கும்படி நீயே எழுதிக் கொடுத்தாய். எல்லாரும் பிடிக்க ஓடும் தேதியை நீ கையால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாய்.

கோகிலாவும் உன்னோடு வந்தாள். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். வீட்டுக்குள் கால் வைத்ததும், ‘ஏனுங்கம்மா, தப்பு எம்பேர்லதானுங்க. எங்கூர்ப் பக்கம் அவ்ளோதானுங்கன்னுதான் சொல்லுவோம். அம்புட்டுன்னு சினிமாவுல கேட்டிருக்கேன், ஆனா எழுத்துல பாத்தா அகராதிதானுங்க மண்டையில நிக்குது’ என்றாள். நீ உடனே, ‘ஒப்புதல் குடுத்தது நான்’ என்றாய். அவள் இல்லை தான்தான் என்றாள். பிழைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவதை நான் என் தொழிலில் பார்த்ததே இல்லை. நம் மாவட்டத்தில் பஸ்ஸில் தூங்கி விழித்தால் தமிழ் மாறியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தில்தான் யாரும் கவனமாக இருப்பதில்லை.

அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொருவரையும் தேடிப் போனீர்கள். கன்னிவாடிக்குப் போன அன்று நானும் வந்தேன். பழைய வேலை, கால் தானாக பஸ் ஏறிவிட்டது. மலை அடிவாரத்தில் கத்தரியும் செவ்வந்தியும் போட்டிருந்த பரமேஸ்வரி அம்மாள், உன்னைக் கண்டதும் வரப்பில் ஓடி வந்தார்.

‘அந்தப் படத்தப் போட்ட தம்பிதான நீங்க? பேப்பர்ல பாத்தேன். நல்ல நேரத்துக்கு வந்தீக. ஞாயித்துக்கெழம போர் வண்டி வருது. எந்த எடம்னு மட்டும் காலால ஒரு கோடு போட்டுக் காட்டிருங்க.’

உன் முகத்தை அப்போது பார்த்தேன். நீ பதினைந்து வயதில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து எழுந்தபோது இருந்த முகம். ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை. ‘அம்மா, போர் போடாதீங்க. படம் தப்பு. தப்புப் பண்ணது நாங்க’ என்றாய்.

அவருக்கு வந்த கோபம் நியாயமானது. ‘ஒரு மாசம் நீலம்ங்கிறீக, ஒரு மாசம் இல்லங்கிறீக. வெளாட்டுப் பண்றீகளா? மருமகன் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துருக்காரு!’

நீ போனை எடுத்து அவருடைய குரலையே போட்டுக் காட்டினாய். ‘முன்ன போட்டதுல தண்ணி அம்புட்டுத்தான்’ என்று அவரே சொல்வது கேட்டது.

‘இதுல என்னய்யா புரியல ஒங்களுக்கு?’

‘தண்ணி அம்புட்டுச்சுன்னு எடுத்துக்கிட்டோம்மா.’

அவர் உன்னைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ‘மூணு டிபார்ட்மெண்டு, ஒத்த வார்த்த!’ என்று சொல்லிவிட்டு, தலையில் இருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகு சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. ‘போட்ட குழி வறண்டு போனது எனக்குத் தெரியாதா தம்பி? ஆனா படத்துல நீலமா இருக்கே, நாம சொன்னதுக்கு மேல இந்த மிசினுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்.’

அதற்கு மேல் அந்த மிஷினுக்கு எதுவும் தெரியாது. அதனிடம் இருந்தது அவர் சொன்ன சொல் மட்டும்தான். அதைத் தலைகீழாகத் திருப்பி அவருக்கே கொடுத்திருந்தோம், நீலச் சாயம் பூசி. அங்கிருந்து கிளம்பும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி. ‘அப்ப சரியான படத்த எப்பக் குடுப்பீக?’ விசாரித்துச் சொல்கிறேன் என்று என் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். வண்டி ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று பிறகு அவரே சொன்னார். ரத்து செய்யவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறார். உன் புதுப் படத்துக்காகக் காத்திருக்கிறார்.

புதுப் படத்தை எனக்கு நீ காட்டினாய். நீலம் சுருங்கிவிட்டது. மலை அடிவாரத்தை ஒட்டியும் குளங்களுக்குக் கீழேயும் நூல் மாதிரி ஓடுகிறது, மற்றதெல்லாம் மஞ்சள். பார்க்க அழகாக இல்லை. ஆனால் மாமாவின் காடு மஞ்சளில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் ஊரில் என்னைத் தப்பாக நினைப்பார்கள். மாமாவிடம் சொன்னேன். ‘அப்பாடா, இப்பத்தான் என் காடு என் காடா இருக்கு’ என்றார்.

இன்னொன்றையும் ஊருக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லின் புண்ணியத்தில், வால் வெட்டினால் பொருள் எப்படிக் கவிழும் என்று கோகிலா தனிக் கட்டுரை எழுதிவிட்டாள். கணினித் துறை நண்பன் வாலை வெட்டாத நிரலை எழுதி, அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டுவிட்டான். இப்போது அவனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியும். போனில் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டினான், அழுத்தம் தப்பாமல். பிழை ஒன்று, அதிலிருந்து வேலை மூன்று. அடுத்த ஆண்டுத் தொகுப்பில் உங்கள் பல்கலைக்கழகம் இவற்றை மூன்று துறைகளின் கீழ் தனித்தனியாகப் போடும். படிக்கிறவர்களுக்கு இவை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவை என்று தெரியாது. அதற்காகவும் இதை எழுதிவைக்கிறேன்.

உன் அப்பா கடைச் சுவரிலிருந்து பழைய படத்தைக் கிழிக்கவில்லை. உன் திருத்தக் குறிப்பை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், படம் இருக்கும் அதே அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். ஏன் பழையதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘ரெண்டும் எம்மகன் போட்டதுதான’ என்றார். நீலத்தில் இருந்ததாக நினைத்து டீ வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் வந்து படித்துவிட்டு, ‘அப்ப நான் குடுத்த டீ?’ என்று கேட்டாராம். உன் அப்பா திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டார்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. என் புத்திமதி எப்படிப்பட்டது என்று நீயே பார்த்துவிட்டாய். ஒன்று மட்டும். பிழையை ஒப்புக்கொண்டதற்காக இப்போது பலர் உன்னைப் புகழ்வார்கள். அதில் உட்கார்ந்துவிடாதே. பிழையைச் சொன்னதைவிட, சொல்லிவிட்டு கன்னிவாடிக்கு பஸ் ஏறினாயே, அதுதான் வேலை. பெருமைப்படுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் என் பெயர் அச்சில் வந்தபோது வராத பெருமை, உன் பெயர் ஒரு திருத்தத்துக்குக் கீழே வந்தபோது வந்தது. கடையில், பஸ்ஸில், கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது, கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயதாகிவிட்டது, நிருபருக்கு இருக்க வேண்டிய அடக்கம் போய்விட்டது.

கோகிலாவைப் பற்றி உன் அப்பா ஏதேதோ கேட்கிறார். உறுதியாகாத செய்தியை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை.

இனி நிலுவையில் இருப்பது. திருத்திய கட்டுரையை ஆய்விதழ் இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியிருக்கிறது. பழைய கட்டுரை திருத்தத்தோடு நிற்குமா, முழுவதும் திரும்பப் பெறப்படுமா என்பது அவர்கள் கையில். பதில் இந்த மாதக் கடைசிக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. அது வந்த பிறகுதான் உன் வாய்மொழித் தேர்வுக்குப் புதுத் தேதி வைப்பார்கள். தை மாதத்தில் இருக்கலாம் என்று ஆய்வு அலுவலகம் சொல்கிறது, உறுதி சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் கடைசி வரிசையில் இடம் போட்டு வை.

இதை முடிக்கும் நேரத்தில் கன்னிவாடியிலிருந்து போன் வந்தது. படம் வந்துருச்சா என்று கேட்டார் பரமேஸ்வரி அம்மாள். திருத்தம் வந்துவிட்டது, படத்தை இன்னும் இரண்டு பேர் சரிபார்க்கிறார்கள், மாதக் கடைசிக்குள் தெரியும் என்றேன்.

‘இம்புட்டு நாள் பாத்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான. இப்போதைக்கு வேறொண்ணும் சேதி இல்லயாம்மா?’

இல்லை என்றேன். இப்போதைக்கு அம்புட்டுத்தான் என்றேன்.

அவருக்குச் சரியாகப் புரிந்தது.

அம்மா